மதுரைப் பக்கம் பேரிடர் கால ஹாம் ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் இருக்கும்போது ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள் சொந்தச் செட்டில் பேசும் ரேடியோ) எதற்கு?

போன் டவருக்கு மூன்று விஷயம் வேண்டும்: கரண்ட், அது போனால் பேட்டரியோ டீசலோ, அப்புறம் அடுத்த இடத்தோடு இணைக்கும் ஃபைபர் அல்லது மைக்ரோவேவ் இணைப்பு. இதில் ஒன்று அறுந்தாலும் உங்கள் கையில் இருப்பது டார்ச் லைட்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் நடந்தது அதுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கரண்டும் போனும் சேர்ந்தே போயின. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கினார்கள்.

ஹாம் ரேடியோவுக்கு இடையில் யாரும் தேவையில்லை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதே. 2004 சுனாமியின்போது அந்தமானுக்கு ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் இருந்து செய்தி அனுப்ப முடிந்தது இதனால்தான்.

சுனாமியோ கடல் புயலோ மதுரைக்கு நேராக வராது. நமக்கு வருவது வைகை வெள்ளம், செல்லூர் போன்ற தாழ்வான பகுதிகளில் நீர் தேங்குவது, கொடைக்கானல் மலைப்பாதையில் மண்சரிவு, தேனி மலைகளில் காட்டுத்தீ. அதோடு தெற்கே வெள்ளமோ கிழக்கே புயலோ வந்தால் இடையில் நின்று செய்தியை வாங்கிக் கொடுக்கத் தோதான ஊர் மதுரை. எங்களைக் கேட்டால், மதுரை ஹாமின் (ஹாம் ரேடியோ வைத்திருப்பவரின்) பெரிய வேலை இந்தக் கடைசி வேலைதான்.

லைசென்ஸ் எப்படி வாங்குவது?

12 வயது முடிந்த இந்தியக் குடிமகன் யாரும் எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு பரீட்சை நடத்தி லைசென்ஸ் தருகிறது. விண்ணப்பம் அந்தத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் வேறுவேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நம்மூரில் விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்.

இரண்டு நிலை உண்டு. ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலிக் குறியீடு) கிடையாது. கால்சைன் (உங்கள் நிலையத்துக்குத் தரும் அழைப்புப் பெயர்) பொதுவாக வியூ3 (VU3) என்று தொடங்கும். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் கேட்டு எழுதவும் வேண்டும், கால்சைன் வியூ2. பேரிடர்ப் பணிக்கு ரெஸ்ட்ரிக்டட் போதும். மோர்ஸ் வரட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு அனுமதியுள்ள அலைவரிசைகளும் வாட் அளவும் லைசென்ஸிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ரேடியோ பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பரீட்சையில் பாதி ரேடியோ தத்துவம், பாதி விதிகள். பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்குத் தத்துவம் கஷ்டமில்லை: ஓம் விதி, எல்சி ஒத்ததிர்வு, அலைநீளம் 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர். பலர் கோட்டை விடுவது விதிப் பகுதியில். க்யூ கோடுகள் (Q-வில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), அபாய அழைப்பு முறை, லாக் புத்தகம் (யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவேடு) வைக்கும் விதி, எதைப் பேசக் கூடாது என்பவற்றை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாக்கி டாக்கி மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

லைசென்ஸ் இல்லாமல் வேண்டாம். ‘அவசரத்துக்கு மட்டும்’ என்பது சட்டத்தில் சாக்கு ஆகாது. அந்தச் சீனச் செட்டுகள் போலீஸ், ரயில்வே அலைவரிசைகளிலும் ஒலிபரப்பும். தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கினாலே வம்பு.

லைசென்ஸ் இல்லாமலே குடும்பத்துக்குள், தெருவுக்குள் பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திச் செட்டுகளுக்கு இந்தியாவில் அனுமதி உண்டு. அதற்கென்றே ஒப்புதல் பெற்ற செட்டாக இருக்க வேண்டும். ஒரு கிராமத்துத் தன்னார்வக் குழுவுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

கையில் ஒரு ஹேண்டி (கைச்செட்) இருந்தால் மதுரையில் எவ்வளவு தூரம் பேசலாம்?

நகருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாதீர்கள்.

ஹேண்டி பேசும் 144-146 மெகாஹெர்ட்ஸில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். தோள் உயரத்தில் ஹேண்டி: 5 கிலோமீட்டர். 9 மீட்டர் மாடி ஆன்டெனா: 12 கிலோமீட்டர். இருவருக்கும் மாடி ஆன்டெனா இருந்தால் 24-25. இது வெட்டவெளிக் கணக்கு. ஊருக்குள் கட்டடம் தின்றது போக மிச்சம்தான் உங்களுக்கு.

இதே கணக்கில் கொடைக்கானலைப் பாருங்கள். 2,100 மீட்டர் உயரத்துக்கு 190 கிலோமீட்டர் வரும். 100.5-ல் கோடை பண்பலை எத்தனையோ மாவட்டங்களில் கேட்பதன் ரகசியம் அதுதான். அது ஒலிபரப்பும் அலையும் உங்கள் ஹேண்டியின் அலையும் ஏறக்குறைய ஒரே குடும்பம். மலைமேல் ஒரு ரிப்பீட்டர் (கேட்டதை அப்படியே திருப்பி ஒலிபரப்பும் செட்) இருந்தால் கைச்செட்டும் மாவட்டம் தாண்டும்.

மலை உதவுவது போலவே மறிக்கவும் செய்யும். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் நிற்பவருக்கு மலையின் மறுபக்கம் கேட்காது. நாகமலைக்கு மேற்கே செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கமும், அழகர்மலைக்கு அப்பால் நத்தம் பக்கமும் இதே கதை. சில சமயம் பத்தடி தள்ளி நின்றாலே சத்தம் வந்துவிடும். பேச முடியவில்லை என்றால் சக்தியைக் கூட்டுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஹேண்டியின் ரீச்சைக் கூட்ட மலிவான வழி?

முதலில் வால் கம்பி. 49 சென்டிமீட்டர் மெல்லிய வயரை ஆன்டெனா கனெக்டரின் வெளிப்புற உலோகத்தோடு தொடுமாறு சுற்றித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதியை இது கொடுக்கிறது. நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் ஷார்ட், கவனம்.

அடுத்தது மாடிக்கு ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா. கேபிள் மாட்ட ஒரு எஸ்ஓ-239 சாக்கெட், 3 மில்லிமீட்டர் பித்தளை அல்லது அலுமினியக் கம்பி ஐந்து துண்டு. நடுவில் நிற்பது 49 சென்டிமீட்டர். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் நான்கு கம்பி, ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர், 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்தது. அந்தச் சாய்வில்தான் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். நேராக விரித்தால் 36 ஓம் பக்கம் போய்விடும். அலுமினியத்தில் ஈயப் பற்று ஒட்டாது, ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாக்கெட் கேட்டுப் பாருங்கள்; கம்பிக்கு இரும்புக்கடை.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிவி கேபிள் 75 ஓம், இதற்குத் தோதில்லை. ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் தின்னும். 5 வாட் போட்டால் மேலே போய்ச் சேருவது 3 வாட் சொச்சம். 20 மீட்டர் கேபிளில் 2 வாட். 435 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டரிலேயே பாதிக்கு மேல் காலி. மாடிக்கு நீளமாகப் போகிறது என்றால் ஆர்ஜி-213 வாங்குங்கள்.

அப்படியானால் தூத்துக்குடியோடும் சென்னையோடும் பேசுவது எப்படி?

40 மீட்டர் பேண்ட், அதாவது அலைநீளம் 40 மீட்டர் பக்கம் உள்ள அலைவரிசைகள். இந்தியாவில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆன்டெனாவைத் தாழக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல் சுற்றிலும் இறங்கும். மதுரையில் இருந்து ராமேஸ்வரம், தூத்துக்குடி, கம்பம், திருச்சி, சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள். மேலே போய்க் கீழே வருவதால் யானைமலையும் நாகமலையும் குறுக்கே நிற்பதில்லை. கொடைக்கானல் பள்ளத்தாக்குக்குள் ஹேண்டி செத்துப்போகும் இடத்திலும் இது பேசும். உயரமான கம்பம் வேண்டாம் என்பது கூடுதல் லாபம்: 5 முதல் 8 மீட்டர் போதும். மொட்டை மாடியில் ஒரு மூங்கில் கழியே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணி வாக்கில் இருந்து மாலை வரை நன்றாக இருக்கும். பொழுது சாய்ந்து சில மணி நேரத்தில் அயனி அடர்த்தி குறைய, பக்கத்து ஊர்கள் மங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் சத்தமாக வருவார்கள். ரேடியோ கெட்டுவிட்டது என்று புதியவர்கள் நினைப்பது அப்போதுதான். கீழே 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்க வேண்டும். அங்கே பகலில் உறிஞ்சல் அதிகம், இரவில் நன்றாக வேலை செய்யும். ஆக, இரண்டு பேண்டுக்கும் கம்பி வைத்திருப்பவர்தான் 24 மணி நேரமும் உதவுவார்.

ஆசிய-பசிபிக் மண்டலத்துக்கு அவசரகால மைய அலைவரிசைகள் 3.600, 7.110, 14.300 மெகாஹெர்ட்ஸ். முதலில் அங்கே காது கொடுங்கள். குரலுக்குச் செட்டில் வைக்க வேண்டிய முறை: 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப் பட்டை (LSB), மேலே மேல்பக்கப் பட்டை (USB). மாற்றி வைத்தால் வாத்து பேசுவது போலக் கேட்கும்.

அந்த 40 மீட்டர் கம்பியை எப்படிக் கட்டுவது?

இது டைபோல்: நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் கை போல ஒவ்வொரு கம்பி, தலைகீழ் ‘வி’ வடிவில் இறங்கும். மொத்த நீளம் மீட்டரில்: 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கவும். 7.1-க்கு 20.07 மீட்டர், கைக்கு 10 மீட்டர். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி வயர் நன்றாக உழைக்கும். மேலுறையும் ‘வி’ வடிவமும் சேர்ந்து கடைசி நீளம் சில சதவீதம் குறையும். ஆனாலும் 10.5 மீட்டராகவே வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

நடுவில் ஒரு பிவிசி பைப் துண்டு. கோ-ஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, அதைச் சுற்றியுள்ள பின்னல் மறு கைக்கு. கேபிளின் எடை இணைப்பில் தொங்கக் கூடாது, பைப்பில் கட்டி முடிச்சிடுங்கள். அந்த இடத்திலேயே எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் கேபிளை 10-12 சுற்று சுற்றினால் வெளியுறையில் வழியும் கரண்ட் நிற்கும்; இல்லையென்றால் மைக் உதட்டில் சுரீர் என்று கடிப்பதும் ஃபேன் ரெகுலேட்டர் ஆடுவதும் உண்டு. நடுவை 7-8 மீட்டருக்குத் தூக்கி, இரண்டு முனைகளையும் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். நடுக்கோணம் 90 டிகிரிக்குக் குறைய வேண்டாம்.

இப்போது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவில் இருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) பாருங்கள். தாழ்ந்த புள்ளி 6.8-ல் இருந்தால் கம்பி நீளம் அதிகம். ஒவ்வொரு கையிலும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். இரண்டு பக்கமும் சமமாக, ஒரு தடவைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல். 1.5-க்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்துங்கள். 1.1-க்கு ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டே போவது வீண்; அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது.

ஒரு மழைக்காலம் போனதும் எஸ்டபிள்யூஆர் எகிறினால் கேபிளுக்குள் தண்ணீர். கனெக்டர் மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அதன்மேல் சாதா டேப், கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு. அப்படியும் போனால் அணில் கடித்திருக்கும்.

மின்சார வாரியக் கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே வேண்டாம். கழி சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ அதற்கும் ஒன்றரை மடங்கு தள்ளி. அவனியாபுரம், பெருங்குடி என விமான நிலையத்தை ஒட்டி இருப்பவர்கள் உயரக் கம்பம் நடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். சித்திரை, வைகாசி மாலை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் ஒரே விதி: கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடு.

ரேடியோ எது வாங்கலாம்?

ஹேண்டி ஒரு சாதாரண போனை விடக் குறைவு. 40 மீட்டர் போன்ற பேண்டுகளில் பேசும் புது எச்எஃப் செட் ஒரு பைக் விலை. பழைய செட் வாங்கினால் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்சுமை) மாட்டி, ஒலிபரப்பிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ஒலிபரப்பும் சக்தியை விடக் கேட்கும் திறன் நன்றாக இருக்கிறதா என்பது முக்கியம். கையால் செய்யத் தெரிந்தவருக்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் செட்டுகள் இருக்கின்றன. சுமார் 10 வாட்டிலேயே 40 மீட்டரில் தமிழ்நாடு முழுக்கப் பேசலாம். வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதற்குத் தனி அனுமதி வேண்டும். பில் இல்லாத செட்டைத் தொடாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போதுமா?

தாராளமாக. நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிதான் மதுரை ஹாமின் சொத்து. ஆனால் இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் ஆக்கி, அதை அடாப்டரில் மறுபடி 12 ஆக்காதீர்கள். வீணும் அதிகம், இரைச்சலும் அதிகம். பேட்டரி முனையில் இருந்தே நேராக எடுங்கள்.

கணக்கு இப்படி. 100 வாட் எச்எஃப் செட் கேட்கும்போது 1 ஆம்பியர், 24 மணிக்கு 24 ஆம்பியர்-மணி. பத்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் 2.4 மணி, குரலில் சராசரி 9 ஆம்பியர் வைத்தால் 22. ஒரு நாளைக்கு 46. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 150-க்கு ஒன்றரை நாள். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 25-30 திருப்பிக் கொடுக்கும். ஆனால் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை எதிர்பார்ப்பது எப்படி? சக்தியை 20 வாட்டுக்குக் குறையுங்கள். எதிர்முனையில் சிக்னல் மீட்டரில் அது ஒரு படி (எஸ்-யூனிட்) சொச்சம்தான்.

வயர் மெலிந்ததாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பேட்டரிக்கும் செட்டுக்கும் 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் போகும்போது 0.9 வோல்ட் விழும். 12.2-ல் இருக்கும் பேட்டரி செட்டில் 11.3 ஆகிவிடும். பல செட்டுகளின் கீழ்வரம்பு 11.7. விளைவு: கேட்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், பேச ஆரம்பித்ததும் குரல் கரகரக்கும் அல்லது செட் அணைந்து மறுபடி ஆன் ஆகும். 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், நீளத்தையும் சுருக்குங்கள். இரண்டு வயரிலும் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் ஃபியூஸ்.

எப்போதும் ஒரே இரைச்சல், ஒன்றும் கேட்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி வீட்டுக்குள்: மலிவு எல்இடி பல்பு, போன் சார்ஜர், சோலார் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். போகவில்லை என்றால் தெருவிளக்கோ மின்கம்ப இன்சுலேட்டரோ. முதல் மழையில் தூசி கழுவி இரைச்சல் தணிந்தால் அது இன்சுலேட்டர்தான்.

செய்தி அனுப்புவதில் என்ன பயிற்சி வேண்டும்?

ஒரே அலைவரிசையில் பலர் பேசும்போது யார் எப்போது பேசுவது என்று ஒழுங்குபடுத்த வலைக் கட்டுப்பாட்டு நிலையம் என்று ஒருவர் இருப்பார். அவர் கூப்பிடும்வரை பேசக் கூடாது. பட்டனை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். ஒவ்வொரு செய்திக்கும் எண், எவ்வளவு அவசரம், யாரிடமிருந்து, யாருக்கு, 24 மணிக் கணக்கில் நேரம், சொற்களின் எண்ணிக்கை, செய்தியின் வாசகம், கையொப்பமிட்டவர். சொல் எண்ணிக்கை எதற்கென்றால், வாங்குபவர் எண்ணிப் பார்த்து விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க. வாங்கியவர் முழுதும் திருப்பிப் படிக்க வேண்டும்.

தமிழில் பேசலாம், தமிழில் பேசினால்தான் வேகமும். ஆனால் எண்களில் ஆபத்து இருக்கிறது. இரைச்சலில் இருபதும் அறுபதும் ஒன்றுபோல் கேட்கும். எழுபதும் எண்பதும் அப்படியே. ‘அறுபது பேருக்குச் சாப்பாடு’ இருபதாகப் போய்ச் சேர்ந்தால் நாற்பது பேர் பட்டினி. ‘அறுபது, ஆறு, சுழியம்’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயரில் அடுத்த குழி. திருமங்கலம் மதுரையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. புதுக்கோட்டை என்றால் மாவட்டமா, நாகமலை புதுக்கோட்டையா? புதூர்கள் எத்தனை என்று எண்ண முடியாது. தாலுகா, மாவட்டம் சேர்க்காமல் ஊர் சொல்லாதீர்கள். மருந்துப் பெயரை ஆங்கில எழுத்தாக, ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கூட்டுங்கள். மில்லிகிராம் உட்பட.

இறந்தவர் பெயரை வானில் சொல்லாதீர்கள், யார் வேண்டுமானாலும் கேட்கிறார்கள். ‘அணை உடைஞ்சிருச்சாம்’ வகைப் பேச்சைக் கடத்தாதீர்கள். அடுத்தவருக்கான செய்தி எடுத்துச் செல்வது சாதாரண நாளில் ஹாமுக்குத் தடை. பேரிடரில் அதிகாரிகளின் ஏற்பாட்டோடு செய்யுங்கள். ரகசியக் குறியீடு எப்போதும் கூடாது.

யாரிடம் போய் நிற்பது?

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். வெள்ளம் வந்தபின் ரேடியோவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால் யாருக்கும் உங்களைத் தெரியாது. மழைக்காலத்துக்கு முன்பே, லைசென்ஸ் நகலும் உங்கள் நிலையத்தால் எந்த ஊர்களை எட்ட முடியும் என்ற ஒரு பக்கத் தாளும் கொடுத்துப் பேசுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இவை வேலை செய்யும்வரை பொதுமக்கள் இவற்றைத்தான் கூப்பிட வேண்டும், உங்களை அல்ல. தானாக மண்சரிவு இடத்துக்கு வண்டி எடுத்துப் போவது உதவி ஆகாது, மீட்க வேண்டியவர் பட்டியலில் ஒருவர் கூடுவார்.

பயிற்சிக்கு நம்மூரில் என்ன வாய்ப்பு?

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வைகைக் கரையில் அவ்வளவு கூட்டத்தில் போன் திணறும். போலீஸ் அனுமதியோடு முதலுதவி முகாம்களுக்கிடையே ஹேண்டியில் செய்தி நடத்திப் பாருங்கள். கூச்சலில் காது கேட்காது, இயர்போன் கட்டாயம் என்பது பத்து நிமிடத்தில் புரியும்.

மற்றபடி மாதம் ஒரு ஞாயிறு மெயின் சுவிட்சை அணைத்து நாள் முழுக்கப் பேட்டரியில் நிலையத்தை ஓட்டுங்கள். துருப்பிடித்த முனை, காணாமல் போன ஃபியூஸ், சார்ஜ் ஏறாத ஹேண்டி எல்லாம் அன்றே வெளியே வரும்.

எப்போது தயாராக வேண்டும்?

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லாப் பேட்டரியையும் சார்ஜில் போட்டு, லாக் புத்தகம், பென்சில் (பேனா நனைந்தால் எழுதாது), உதிரி ஃபியூஸ், 20 மீட்டர் கயிறு, தார்ப்பாய், டார்ச், மூன்று நாள் மருந்து, குடிநீர் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடுங்கள். இரண்டாவதில் 7.110-ஐத் திறந்து வைத்துவிடுங்கள். செல்லூர்ப் பக்கம் தரைத்தளத்தில் பேட்டரி வைத்திருப்பவர்கள் இரண்டாவதுவரை காத்திருக்காமல் அதை மாடிக்கு ஏற்றிவிடலாம். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அவர்களையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.